கடைசி வாரக் கணக்கு: என்எஃப்எல் டிராஃப்டும் பிளேஆஃப் வரிசையும்

2021 ஜனவரி 3, ஞாயிறு இரவு. அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில், பிளேஆஃப் என்னும் நாக்அவுட் சுற்றுக்கு முந்தைய வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம் பிலடெல்ஃபியாவில் நடந்தது. வாஷிங்டன் ஜெயித்தால், லீகின் இரண்டு கான்ஃபரன்ஸ்களில் ஒன்றான என்எஃப்சியின் கிழக்கு டிவிஷன் பட்டமும் அதோடு பிளேஆஃப் இடமும் அதற்கு. தோற்றால், அன்று பகலில் டல்லாஸை 23-19 என்று வென்றுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு. சொந்த மைதானத்தில் ஆடிய பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. 4 வெற்றி, 10 தோல்வி, 1 சமன் என்ற நிலையில் அது எப்போதோ வெளியேறிவிட்டது.

மூன்றாவது குவார்ட்டரில் வாஷிங்டன் 17-14 என்று முன்னிலையில் இருந்தது. ஈகிள்ஸ் எதிரணியின் கோல் கோட்டுக்கு 4 யார்டு தூரத்தில், நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. பந்தை உதைத்து ஃபீல்டு கோல் அடித்திருந்தால் 3 புள்ளி, 17-17. பயிற்சியாளர் டக் பீடர்சன் அதை விட்டுவிட்டு, 6 புள்ளி தரும் டச்டவுனுக்குப் போனார், பாஸ் கைக்கு வரவில்லை. நான்காவது குவார்ட்டரில், அதுவரை இரண்டு டச்டவுன் ஓடியிருந்த புதுமுக குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு நேட் சட்ஃபெல்டை இறக்கினார். சட்ஃபெல்ட் ஒரு பந்தை எதிரணியின் கையில் எறிந்தார், இன்னொன்றைக் கைநழுவ விட்டார். வாஷிங்டன் 20-14 என்று வென்றது. 7 வெற்றி 9 தோல்வியோடு அது டிவிஷன் சாம்பியன் ஆனது. ஜயன்ட்ஸ் வீட்டுக்குப் போனது.

வேண்டுமென்றே தோற்றார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சட்ஃபெல்டுக்கு ஆட வாய்ப்புத் தர நினைத்ததாக பீடர்சன் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்பதா வேண்டாமா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அந்தத் தோல்வியால் ஈகிள்ஸுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட், ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக். ஜெயித்திருந்தால் அடுத்த டிராஃப்டில் 9-ஆவது பிக், தோற்றதால் 6-ஆவது. ஒரே ஆட்டத்தில் ஒரு பக்கம் பிளேஆஃப் இடம் தொங்குகிறது, மறுபக்கம் தோற்பவனுக்குப் பரிசு காத்திருக்கிறது. டிராஃப்டைத் தனியாகவும் பிளேஆஃபைத் தனியாகவும் திருத்தப் பார்க்கும் யோசனைகளில் பெரும்பாலானவை சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டும் ஒரே வெற்றி-தோல்விப் பட்டியலின் இரண்டு முனைகள். அவை மோதிக்கொள்வது சீசனின் கடைசி வாரத்தில்.

டிராஃப்ட் வரிசை எப்படி அமைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். லீகில் 32 அணிகள். 14 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. மிச்சமிருக்கும் 18 அணிகளும் 1 முதல் 18 வரை, மோசமான அணிக்கு முதலிடம் என்ற கணக்கில் நிற்கின்றன. பிளேஆஃபின் முதல் சுற்றில் தோற்ற 6 அணிகளுக்கு 19 முதல் 24. இரண்டாவது சுற்றில் தோற்ற நான்குக்கு 25 முதல் 28. கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்ற இரண்டுக்கு 29, 30. லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றவருக்கு 31, சாம்பியனுக்கு 32. வெற்றி-தோல்விக் கணக்கு சமமாக இருந்தால், ஒவ்வொரு அணியும் சந்தித்த எதிரணிகளின் மொத்த வெற்றி விகிதத்தைப் பார்ப்பார்கள். யாருடைய எதிரணிகள் பலவீனமானவையோ அவர்களுக்கு முன்னிடம். சுலபமான எதிரிகளோடு ஆடியும் இவ்வளவுதான் ஜெயித்தாய் என்றால் உனக்குத்தான் உதவி அதிகம் தேவை என்ற தர்க்கம்.

பிளேஆஃபில் எவ்வளவு தூரம் போனாயோ அவ்வளவு பின்னால் தள்ளுவது 2010-இலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதன் விளைவை சியாட்டில் சீஹாக்ஸ் உடனே பார்த்தது. 2010 சீசனில் 7-9 (7 வெற்றி, 9 தோல்வி) என்ற கணக்கோடு டிவிஷனை வென்று, ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையும் வென்ற அந்த அணிக்கு 25-ஆவது பிக். அதனிடம் தோற்ற 11-5 நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு 24-ஆவது. முறை சரியானது என்றே நினைக்கிறேன். பிளேஆஃபில் ஜெயிப்பதற்கு ஒரு விலை இருக்கலாம். அந்த விலையைச் சந்தோஷமாகக் கொடுக்காத அணி எதுவும் கிடையாது.

சிக்கல் பட்டியலின் மேல் முனையில். அங்கே ஓரிரு இடங்களின் மதிப்பு எவ்வளவு? 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டல்லாஸ் கௌபாய்ஸ் ஒரு புள்ளி அட்டவணை போட்டது. பிக்குகளை மாற்றிக்கொள்ளும்போது பேரம் பேச உதவுவதற்காக. முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, ஆறாவது 1600, ஒன்பதாவது 1350. இன்று அணிகள் தங்களுக்கென்று நுட்பமான அட்டவணைகள் வைத்திருக்கின்றன. ஆனாலும் பேச்சுவழக்கில் இந்தப் பழைய கணக்குதான் ஓடுகிறது. இதன்படி ஈகிள்ஸ் அந்த இரவில் ஈட்டியது 250 புள்ளி. அதே அட்டவணையில் 68-ஆவது பிக்கின் மதிப்பு அது. மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் ஒரு வீரர் இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள 400 புள்ளி வித்தியாசம் 50-ஆவது பிக்குக்குச் சமம்.

அட்டவணையில் இருப்பது காகித மதிப்பு. நடந்தது இன்னும் பெரியது. 2021 மார்ச்சில் ஈகிள்ஸ் அந்த 6-ஆவது பிக்கை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்து, 12-ஆவது பிக்கையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக் ஒன்றையும் வாங்கிக்கொண்டது. மயாமி 6-இல் ஜேலன் வாடிலை எடுத்தது. டிராஃப்ட் நாளன்று ஈகிள்ஸ் தன் மூன்றாவது சுற்று பிக் ஒன்றையும் சேர்த்து டல்லாஸிடம் கொடுத்து 12-இலிருந்து 10-க்கு ஏறி, பாஸ் பிடிக்கும் ரிசீவரான டெவான்டா ஸ்மித்தை எடுத்தது. 11-ஆவது இடத்தில் நின்றிருந்தது யார் தெரியுமா? ஜனவரியில் அதே ஈகிள்ஸ் ஆட்டத்தால் பிளேஆஃப் இழந்த ஜயன்ட்ஸ். ஸ்மித் மீது அவர்களுக்கும் கண் இருந்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. அவர்கள் 11-ஐ விற்றுவிட்டு 20-க்கு இறங்கினார்கள்.

மேல் முனையின் மதிப்பு கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். ஒரே சீசன் கூட ஆடாத ஒருவருக்கு. அந்தக் காலத்தில் முதல் பிக் பல அணிகளுக்குச் சுமையாகவே இருந்தது. பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் அப்போதைய தரவுகளை ஆராய்ந்து, உச்சி பிக்குகளுக்கு அணிகள் மிகையான விலை தருகின்றன என்றும், கொடுக்கும் பணத்துக்கு அதிக லாபம் தருவது முதல் சுற்றின் கடைசியும் இரண்டாம் சுற்றின் தொடக்கமும் என்றும் சொன்னார்கள். 2011-இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி. ஒரே ஆண்டில் இவ்வளவு சரிவு. நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் நான்கைந்து ஆண்டுகள் அவர் சந்தை விலையில் சிறு பங்குக்கு ஆடுவார், மிச்சப் பணத்தில் அணியைக் கட்டலாம். செலவைக் கட்டுப்படுத்த அது நல்ல சீர்திருத்தம். அதன் பக்கவிளைவாக, தோற்பதன் லாபம் முன்பைவிடக் கூடிவிட்டது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து குலுக்கல். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ 1985 முதல் அப்படித்தான் செய்கிறது, என்எஃப்எல்லுக்கு ஏன் கூடாது என்கிறார்கள். என்எஃப்எல்லும் அதைச் செய்து பார்த்திருக்கிறது. டிராஃப்ட் 1936-இல் தொடங்கியது. பிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் தந்த யோசனை, 9 அணிகள், 9 சுற்று. 1947 முதல் 1958 வரை முதல் பிக்கை மட்டும் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ஒருமுறை வென்ற அணி அடுத்த குலுக்கலில் இல்லை. பிறகு கைவிட்டார்கள்.

குலுக்கலை நான் முழுமையாக எதிர்க்கிறேன். என்பிஏ 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்பு தருகிறது. அதனால் அடிமட்டத்துக்குப் போகும் ஆசை தீரவில்லை. மிகக் கடைசியில் இருக்கத் தேவையில்லை, கடைசி மூன்றில் இருந்தால் போதும் என்று அந்த ஆசை இன்னும் கொஞ்சம் பரவியது. என்எஃப்எல்லில் சீசனுக்கு 17 ஆட்டம்தான். ஒரு குவார்ட்டர்பேக் காயப்பட்டால் ஒரு நடுத்தர அணி நேராகப் பாதாளத்துக்குப் போகும். உண்மையிலேயே ஆளில்லாத அணி எது என்று வெற்றி-தோல்விக் கணக்கு ஓரளவு சரியாகவே காட்டுகிறது. அந்த அணியிடமிருந்து பிடுங்கி, 8-ஆவது இடத்தில் இருப்பவருக்குப் பந்துருளைச் சுற்றி முதல் பிக் கொடுப்பது நோயாளியின் மருந்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுப்பது போன்றது.

என் யோசனை இதைவிட மிகச் சிறியது. பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகளின் டிராஃப்ட் வரிசையைக் கணக்கிடும்போது கடைசி வார ஆட்டத்தைச் சேர்க்க வேண்டாம். முதல் 16 ஆட்டங்களின் கணக்கு மட்டும் போதும். சமநிலையைத் தீர்க்கும் எதிரணி விகிதத்துக்கும் அதே 16 ஆட்டங்கள்தான். 19 முதல் 32 வரை இப்போதுள்ளபடியே இருக்கட்டும்.

ஏன் கடைசி வாரம்? 2010 முதல் கடைசி வார ஆட்டங்கள் எல்லாமே ஒரே டிவிஷனுக்குள் நடப்பவை. டிவிஷன் பட்டத்தைத் தீர்மானிக்கும் வாரமாக லீகே திட்டமிட்டு வைத்தது அதை. வெளியேறிவிட்ட அணிகள் பெரும்பாலும் அங்கே பட்டத்துக்கோ வைல்ட் கார்டு இடத்துக்கோ (பட்டம் வெல்லாத சிறந்த அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) போராடும் அணிகளோடு மோதுகின்றன. தோற்றால் லாபம் என்ற கணக்கு மிகப் பெரிய சேதம் செய்யும் வாரம் அதுதான்.

இதை 2020-க்குப் பொருத்திப் பார்க்கலாம். அப்போது 16 ஆட்ட சீசன், ஆகவே முதல் 15 ஆட்டம். கடைசி வாரத்துக்கு முன் ஈகிள்ஸ் 4-10-1. அதற்கு அடுத்த கூட்டம் 5-10 கணக்கில் நின்ற லயன்ஸ், பாந்தர்ஸ், பிராங்கோஸ், ஜயன்ட்ஸ். இவர்கள் யாரும் ஈகிள்ஸைத் தாண்ட வழியில்லை. ஆக ஜனவரி 3 அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் ஈகிள்ஸ் 6-ஆவது இடத்துக்குக் கீழே இறங்கியிருக்காது. சட்ஃபெல்டை இறக்கியிருந்தால்கூட அதை யாரும் சந்தேகிக்க முகாந்திரம் இருந்திருக்காது.

2022-ஐயும் பார்க்க வேண்டும். கடைசி வாரத்துக்கு முன் ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2-13-1, சிகாகோ பேர்ஸ் 3-13. முதல் பிக் டெக்சன்ஸின் கையில். இண்டியானாபொலிஸில் கோல்ட்ஸுக்கு எதிராக 31-24 என்று பின்தங்கி, நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, நான்காவது டவுனில் 20 யார்டு தேவை. டேவிஸ் மில்ஸ் எறிந்த பந்தை ஜோர்டன் ஏக்கின்ஸ் டச்டவுனுக்குப் பிடித்தார். ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல் இரண்டு புள்ளிக்குப் போனார்கள், அதையும் ஏக்கின்ஸே பிடித்தார். 32-31. அந்த வெற்றியோடு முதல் பிக் சிகாகோவுக்குப் போனது. சீசன் முடிந்த கையோடு பயிற்சியாளர் லவி ஸ்மித் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நேர்மையாக ஆடி ஜெயித்த அணி முதல் பிக்கை இழந்தது, அவ்வளவுதான் நடந்தது. 16 ஆட்டக் கணக்கு இருந்திருந்தால் அந்த வெற்றியும் அவர்களுடையது, முதல் பிக்கும் அவர்களுடையது.

பிறகு நடந்தது தெரிந்தவர்களுக்கு ஒரு மறுப்பு தோன்றும். சிகாகோ அந்த முதல் பிக்கைக் கரோலினாவுக்கு விற்றது. பதிலுக்கு 9-ஆவது, 61-ஆவது பிக்குகள், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாவது சுற்று, கூடவே ரிசீவர் டி.ஜே. மூர். கரோலினா பிரைஸ் யங்கை எடுத்து 2-15 என்று முடிந்தது. அதனால் 2024-இன் முதல் பிக்கும் சிகாகோவுக்கே வந்து, அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள். டெக்சன்ஸோ இரண்டாவது பிக்கில் சி.ஜே. ஸ்ட்ரவுடையும், மேலே ஏறி மூன்றாவதில் வில் ஆண்டர்சனையும் எடுத்து, அடுத்த சீசனிலேயே 10-7 என்று டிவிஷனை வென்றது. இருவரும் ஆண்டின் சிறந்த புதுமுகங்கள், ஒருவர் தாக்குதலில், மற்றவர் தற்காப்பில். பார்த்தீர்களா, தோற்பதால் லாபமில்லை என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. ஒரு தேர்வு நன்றாக அமைந்ததை வைத்து விதிமுறை எழுத முடியாது. 2020-இல் 13 ஆட்டமும் தோற்று நின்ற நியூயார்க் ஜெட்ஸ் அடுத்த இரண்டை வென்றது. முதல் பிக் ஜாக்சன்வில்லுக்குப் போய் அவர்கள் ட்ரெவர் லாரன்ஸை எடுத்தார்கள். ஜெட்ஸ் இரண்டாவதில் எடுத்த ஸாக் வில்சன் நிலைக்கவில்லை. இரண்டு கதையும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

என் யோசனையிலும் ஓட்டை உண்டு. தோற்கும் ஆசை ஒரு வாரம் முன்னால் நகரும். ஆனால் அந்த வாரத்தில் வாய்ப்போடு இருக்கும் அணிகள் அதிகம், எல்லா ஆட்டமும் டிவிஷனுக்குள் நடப்பதுமில்லை. ஒரு வெளியேறிய அணியின் தோல்வி நேரடியாக ஒரு பட்டத்தைக் கையில் கொடுப்பது அங்கே அபூர்வம். ஆசையை ஒழிக்க முடியாது. அது அதிகம் கெடுக்கும் இடத்திலிருந்து அகற்றலாம்.

டிராஃப்ட் நாள் நடைமுறையில் எனக்குப் பெரிய குறை இல்லை. 2003-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 7-ஆவது பிக்கை பால்டிமோர் ரேவன்ஸுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தது. பிக் மாற்றம் செல்லுபடியாக இரண்டு அணிகளும் லீகிடம் உறுதி செய்தாக வேண்டும். அந்த உறுதி வந்து சேருமுன் வைக்கிங்ஸ் தேர்வைச் சொல்ல வேண்டிய நேரம் முடிந்தது. பின்னால் நின்ற ஜாக்சன்வில் சீட்டை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டது, அடுத்து கரோலினாவும். வைக்கிங்ஸ் 9-ஆவதாக கெவின் வில்லியம்ஸை எடுத்தது, அவர் பல ஆண்டுகள் லீகின் சிறந்த தற்காப்பு வீரர்களில் ஒருவராக ஆடினார். விதி அப்போதும் தெளிவாகவே இருந்தது, அதை மாற்றத் தேவையும் இல்லை.

இனி பிளேஆஃப். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் 16 அணிகள், நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணி. நான்கு டிவிஷன் சாம்பியன்களும் 1 முதல் 4 வரை சீடு (தரவரிசை எண்) பெறுகிறார்கள். அடுத்த மூன்று சிறந்த அணிகளுக்கு வைல்ட் கார்டு என்ற பெயரில் 5 முதல் 7. முதல் சீடுக்கு முதல் சுற்றில் ஓய்வு. 2-க்கும் 7-க்கும், 3-க்கும் 6-க்கும், 4-க்கும் 5-க்கும் ஆட்டம், எல்லாம் மேல் சீடின் மைதானத்தில். இதில் நான் மாற்ற விரும்புவது ஒன்றுதான். டிவிஷன் சாம்பியனுக்கு இடம் உறுதி, ஆனால் மைதானம் உறுதி இல்லை. சீடு வெற்றிக் கணக்குப்படி மட்டும். கணக்கு சமமானால் டிவிஷன் சாம்பியனுக்கு முன்னுரிமை.

2024 சீசனின் என்எஃப்சியைப் பார்த்தாலே போதும். கடைசி வாரத்தில் டெட்ராய்ட் லயன்ஸும் மினசோட்டா வைக்கிங்ஸும் மோதின, இருவரும் 14-2. சீசன் ஆட்டம் ஒன்றில் 14 வெற்றி பெற்ற இரண்டு அணிகள் சந்தித்தது அதுவே முதல் முறை. லயன்ஸ் 31-9 என்று வென்று முதல் சீடாகி ஓய்வு பெற்றது. தோற்ற வைக்கிங்ஸ் 14-3 கணக்கோடு 5-ஆவது சீடு. முதல் சுற்றில் அது 10-7 கணக்கோடு நின்ற லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஊருக்குப் போக வேண்டும். காட்டுத்தீயால் அந்த ஆட்டம் அரிசோனாவுக்கு மாறியது வேறு விஷயம். ராம்ஸ் 27-9 என்று வென்றது, அன்றைக்கு அவர்களே நன்றாக ஆடினார்கள். வெற்றியை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்குச் சொந்த மைதானம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

ராம்ஸும் சியாட்டிலும் இருவருமே 10-7. நேருக்கு நேர் ஆளுக்கு ஒரு வெற்றி. அடுத்தடுத்த அளவுகோல்களிலும் முடிவு வராமல், தாங்கள் வென்ற அணிகளின் மொத்த வெற்றி விகிதம் யாருக்கு உயர்வு என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கில் ராம்ஸ் முந்தியது. ஒரு பின்னத்தின் வித்தியாசம், ஒரு அணிக்கு 14 வெற்றி அணியை வரவழைத்து ஆடும் உரிமை, இன்னொரு அணிக்குப் பிளேஆஃபே இல்லை. இன்னொன்றும் நடந்தது. பட்டம் உறுதியானதும் கடைசி வாரத்தில் சியாட்டிலுக்கு எதிராக ராம்ஸ் தன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை உட்காரவைத்தது, 30-25 என்று தோற்றது, 3-ஆவது சீடிலிருந்து 4-க்கு இறங்கியது. எப்படியும் சொந்த மைதானம்தானே என்ற நிம்மதி அவர்களுக்கு. வெற்றிக் கணக்குப்படி சீடு என்றிருந்தால் அந்த நிம்மதி இருந்திருக்காது.

அப்படி இருந்திருந்தால் அந்த ஆண்டு என்எஃப்சி வரிசை இது: லயன்ஸ் 15-2, ஈகிள்ஸ் 14-3, வைக்கிங்ஸ் 14-3, வாஷிங்டன் 12-5, கிரீன் பே பேக்கர்ஸ் 11-6, பிறகு 10-7 கணக்கில் டாம்பா பே பக்கனீர்ஸும் ராம்ஸும். மினியாபொலிஸில் வைக்கிங்ஸும் டாம்பாவும், வாஷிங்டனில் பேக்கர்ஸ், பிலடெல்ஃபியாவில் ராம்ஸ். மறு கான்ஃபரன்ஸான ஏஎஃப்சியில் ஒரே ஒரு மாற்றம்தான்: ஹூஸ்டனுக்குப் போன 11-6 சார்ஜர்ஸ் 10-7 டெக்சன்ஸைத் தன் ஊருக்கு அழைத்திருக்கும். வானம் இடிந்து விழவில்லை.

2025-இல் இதே மாற்றத்தை லீகின் முன் வைத்தது டெட்ராய்ட் லயன்ஸ்தான். இப்போதைய விதியால் அந்த ஆண்டு எந்த நஷ்டமும் அடையாத அணி அது. அதுவே கேட்டது என்பது எனக்குப் பெரிய விஷயம். விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேர் கை தூக்க வேண்டும். மே மாதக் கூட்டத்தில் ஆதரவு போதாமல் யோசனையைத் திரும்பப் பெற்றார்கள்.

எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் அட்டவணை சமமில்லை என்பது. அது உண்மை. 17 ஆட்டத்தில் 6 டிவிஷனுக்குள், 4 அதே கான்ஃபரன்ஸின் இன்னொரு டிவிஷனோடு, 4 மறு கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு, மிச்சம் மூன்று முந்தைய ஆண்டு அதே இடத்தில் முடித்த அணிகளோடு. ஆக ஒரு டிவிஷனுக்குள் இருப்பவர்களை ஒப்பிடுவது நியாயம், டிவிஷன் தாண்டி ஒப்பிடுவது தோராயம். ஆனால் வைல்ட் கார்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பதும், நான்கு சாம்பியன்களை 1 முதல் 4 வரை நிறுத்துவதும் இதே தோராயக் கணக்கில்தான். அங்கே செல்லும் கணக்கு 4-ஆவது சீடுக்கும் 5-ஆவது சீடுக்கும் இடையே மட்டும் ஏன் செல்லாது? அட்டவணை வாதம் சாம்பியனுக்கு இடம் தர வேண்டும் என்பதை நிரூபிக்கிறது, அதோடு சரி.

இன்னொரு வாதம் உணர்ச்சிபூர்வமானது, அதை மதிக்கிறேன். 2011 ஜனவரி 8, சியாட்டில். 7-9 சீஹாக்ஸ் நடப்பு சாம்பியன் செயின்ட்ஸை 34-30 என்று மட்டும் முந்தி நின்றபோது சியாட்டிலின் மார்ஷான் லிஞ்ச் பந்தை வாங்கி, பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறி, செயின்ட்ஸின் தற்காப்பு வீரர் ட்ரேசி போர்ட்டரை ஒரு கையால் தள்ளிவிட்டு 67 யார்டு ஓடினார். கூட்டத்தின் குதிப்பு அருகிலிருந்த நில அதிர்வுக் கருவியில் பதிவானது. 41-36. அது நியூ ஆர்லியன்ஸில் நடந்திருந்தால் அந்த அதிர்வு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 11 வெற்றி பெற்ற செயின்ட்ஸின் ரசிகர்களுக்கு அந்த வாரம் சொந்த ஊரில் ஆட்டமே இல்லை என்பதும் இழப்புதான்.

சியாட்டிலுக்கு முன், 1982-இன் வேலைநிறுத்த சீசனைத் தவிர, தோல்விகள் அதிகமான அணி எதுவும் பிளேஆஃபுக்கு வந்ததில்லை. அதற்குப் பிறகு 2014-இல் 7-8-1 கரோலினா, 2020-இல் 7-9 வாஷிங்டன், 2022-இல் 8-9 டாம்பா, எல்லாரும் சொந்த மைதானத்தில். காரணம் 2002-இன் மறுசீரமைப்பு. டிவிஷனுக்கு நான்கே அணி என்று ஆனதும், மூன்று பேரை முந்தினால் பட்டம். மூவரும் மோசமாக இருக்கும் ஆண்டு வந்தே தீரும். 2008-இல் 8-8 சான் டியாகோ டிவிஷனை வென்று 12-4 கோல்ட்ஸை வரவழைத்தது, அதே கான்ஃபரன்ஸில் 11-5 நியூ இங்கிலாந்து வெளியே நின்றது.

லீக் இப்படியொரு தவறை முன்பே திருத்தியிருக்கிறது. 1975-க்கு முன் மைதானம் சுழற்சி முறையில் போனது. 1972-இல் 14-0 என்று ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி, 11-3 பிட்ஸ்பர்க்கின் ஊருக்குப் போய் கான்ஃபரன்ஸ் இறுதியை ஆட வேண்டியிருந்தது. 21-17 என்று ஜெயித்தார்கள். மூன்று ஆண்டில் விதி மாறியது. தோற்றபிறகுதான் திருத்த வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

7-ஆவது சீடு பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் 12 அணியை 14 ஆக்கியபோது இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக விற்பனைக்கு வந்தன, சிபிஎஸும் என்பிசியும் ஒளிபரப்பின. விளையாட்டுக்கு என்ன கிடைத்தது? 2020 முதல் 2024 வரை 7-ஆவது சீடு 10 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது, 2024 ஜனவரியில் டல்லாஸில் கிரீன் பே 48-32. அந்த ஒரு ஆட்டத்துக்காக 2-ஆவது சீடின் ஓய்வு போனது. 2013 முதல் 2019 வரை சூப்பர் பவுலுக்கு வந்த 14 அணிகளும் முதல் சுற்றில் ஓய்வெடுத்தவை. அந்த ஓய்வு அவ்வளவு பெரிய சொத்து. இப்போது அது ஒருவருக்கு மட்டும், அதனால் முதலிடத்துக்கான போட்டி கடைசி வாரம் வரை சூடாக இருக்கிறது. லயன்ஸ்-வைக்கிங்ஸ் ஆட்டம் அதற்குச் சாட்சி. ஆகவே 14-ஐ நான் ஏற்கிறேன். 16 ஆக்கினால் ஓய்வே போய்விடும், அதை ஏற்க மாட்டேன்.

அடுத்து உரிமையாளர்கள் 18 ஆட்ட சீசனைப் பேசுகிறார்கள். அது வந்தால் டிராஃப்ட் கணக்கு 17 ஆட்டத்தோடு நிற்க வேண்டும், கடைசி டிவிஷன் வாரம் வெளியே இருக்க வேண்டும். சீடிங் மாற்றத்தையும் அதே வாக்கெடுப்பில் சேர்த்துக் கொண்டுவருவது புத்திசாலித்தனம். பலவீனமான டிவிஷனில் இருக்கும் உரிமையாளர்கள் வீட்டு ஆட்ட வருமானத்தை நினைத்து சீடிங்கை மட்டும் எதிர்ப்பார்கள். தங்கள் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆண்டில் கடைசி வாரம் ஜெயித்தாலும் பிக் போகாது என்ற உறுதியும் சேர்ந்து வந்தால், அவர்களில் சிலர் கை தூக்க வாய்ப்பு உண்டு. 24 பேர்தான் தேவை.